சப் எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்: பேஸ் அலைன்மென்ட் முதல் பாடம்

கோயில் திருவிழா, ராத்திரி லைட் மியூசிக் கச்சேரி, ஸ்கூல் மைதானம். ஸ்டேஜுக்கு லெஃப்ட்ல 4 டபுள் 18 சப் (ரெண்டு 18 இன்ச் ஸ்பீக்கர் இருக்கற, பேஸுக்குன்னே உள்ள பாக்ஸ்), ரைட்ல 4, ரெண்டு அடுக்குக்கும் நடுவுல 12 மீட்டர். மிக்ஸர் 20 மீட்டர் தள்ளி நேர் நடுவுல. சாயங்காலம் செக்கிங்ல ட்ரம்மர் கிக் அடிக்க அடிக்க நெஞ்சுல வந்து இடிக்குது, சரி இன்னிக்கு பேஸ் நல்லா அமைஞ்சிடுச்சுன்னு நெனச்சு வோக்கல் வேலைக்குப் போயிட்டேன். கச்சேரி ஆரம்பிச்சு ரெண்டு பாட்டு முடிஞ்சிருக்கும், கமிட்டி பெரியவர் ஒருத்தர் வந்து, "தம்பி, லேடீஸ் உக்காந்திருக்க பக்கம் வெறும் டொக்கு டொக்குன்னுதான் கேக்குது, தும்முன்னு ஒண்ணும் வரலயேப்பா"ன்னார்.

போய் நின்னு பாத்தேன். நடுவுல இருந்து 5 மீட்டர்தான் தள்ளி. கிக்ல குச்சி தோல்ல படற சத்தம் மட்டும் வருது, வயித்துல தெரிய வேண்டிய கனம் காணோம். இன்னும் 6 மீட்டர் நடந்தா திரும்ப வந்துடுச்சு. ஓடி வந்து ஈக்யூல, அதாவது ஒவ்வொரு ஃப்ரீக்வென்ஸியையும் தனியா ஏத்தி இறக்கற கன்ட்ரோல்ல, 60 ஹெர்ட்ஸ ஏத்தினேன், நடுவுல இருந்தவங்களுக்கு காது அடைச்சதுதான் மிச்சம், லேடீஸ் பக்கம் ஒரு மாத்தமும் இல்ல. பாக்ஸ வண்டில ஏத்தறவரைக்கும் அதேதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்தது, 8 சப் கொண்டு வந்து இறக்கியும் பாதி ஜனத்துக்கு பேஸ் போய் சேரலயேன்னு. புதுசா சவுண்ட் லைனுக்கு வர்றவங்க பலரும் இதே எடத்துல வந்து மாட்டுறாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல்ல சத்தத்தோட நீளத்த மனசுல பதிய வைக்கணும். நம்ம ஊர் சாயங்காலம் 30 டிகிரி இருந்தா சத்தம் செகண்டுக்கு சுமார் 349 மீட்டர் ஓடும், அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 35 சென்டிமீட்டர், ஒரு அடிக்கு கொஞ்சம் மேல. அந்த 349ஐ ஃப்ரீக்வென்ஸியால வகுத்தா ஒரு அலையோட நீளம் வந்துடும். 100 ஹெர்ட்ஸுக்கு மூணரை மீட்டர், 60க்கு 5.8 மீட்டர், 40க்கு 8.7 மீட்டர். ஒரே ஒரு 40 ஹெர்ட்ஸ் அலை ஒரு மினி லாரி நீளத்த தாண்டி போகுது. இவ்ளோ பெரிய அலைக்கு முன்னாடி 18 இன்ச் கோன், மர டப்பா எல்லாம் சின்ன சமாச்சாரம், அதனாலதான் தனியா ஒரு சப்ப வச்சா முன்னாடி பின்னாடி பக்கவாட்டுன்னு கிட்டத்தட்ட எல்லா பக்கமும் போகுது. டாப் (நடு, மேல் சத்தத்துக்கான மெயின் ஸ்பீக்கர்) மாதிரி இத எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் பெருசா ஒண்ணும் மாறாது. சப்போட திசைய மாத்தணும்னா ஒரே வழி, இன்னொரு சப்போட அத சேக்கறதுதான், அது சேரும்போது எந்த நேரத்துல சேருதுங்கறதுதான் மொத்த வித்தையும்.

சேர்றதுன்னா என்னன்னு ஊஞ்சல வச்சு சொல்றேன். ஊஞ்சல்ல குழந்தை உக்காந்திருக்கு, பின்னாடி ரெண்டு பேர் நின்னு தள்றாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தள்ளினா ஊஞ்சல் ஒசரமா போகும். ஒருத்தர் தள்றப்ப இன்னொருத்தர் புடிச்சு இழுத்தா ரெண்டு பேருக்கும் கை வலிக்கும், ஊஞ்சல் அங்கேயே நிக்கும். இந்த நேரக் கணக்கத்தான் ஃபேஸ்னு சொல்றோம், ஒரு முழு ஆட்டத்துக்கு 360 டிகிரி. ஒரே அளவு சத்தம் போடற ரெண்டு சப் 0 டிகிரி வித்தியாசத்துல சேந்தா 6 டெசிபல் கூடும், 90 டிகிரின்னா 3 டெசிபல் கூடும், 120 டிகிரின்னா ஒண்ணும் கூடாது, ஒரு பாக்ஸ் இருந்தா என்ன கேக்குமோ அதேதான் கேக்கும். 120 தாண்டினா ரெண்டாவது பாக்ஸ் வேலைய கெடுக்க ஆரம்பிக்குது, 180ல ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடும். இந்த 120ங்கற நம்பர நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

இப்ப அந்த மைதானத்துக்கு வருவோம். 20 மீட்டர் தூரத்துல நேர் நடுவுல நின்னா லெஃப்ட் ரைட் ரெண்டு அடுக்குல இருந்தும் சமமான தூரம், அதனால எல்லா ஃப்ரீக்வென்ஸியும் முழுசா சேருது, மிக்ஸர் இருந்த எடமும் அதுதான், எனக்கு குறையே தெரியல. 5 மீட்டர் பக்கத்துல நகந்தா ஒரு அடுக்கு 20 மீட்டர்ல, இன்னொண்ணு 22.8 மீட்டர்ல. வித்தியாசம் 2.8 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் அலையில பாதி எவ்ளோ? 2.9. அப்போ ரைட் சப் தள்றப்ப லெஃப்ட் சப் இழுக்குது, 60 ஹெர்ட்ஸ் அந்த எடத்துல செத்துப் போச்சு. 80 ஹெர்ட்ஸுக்கு இதே குழி நடுவுல இருந்து 3.8 மீட்டர்லயே வந்துடும். 60 ஹெர்ட்ஸுக்கு 11 மீட்டர் தாண்டி தூர வித்தியாசம் ஒரு முழு அலையாகறதால மறுபடி சேந்துக்குது, நான் நடந்தப்ப திரும்ப வந்தது அதான். நடுவுல ஒரு சந்து மாதிரி பேஸ் கொட்டும், ரெண்டு பக்கமும் குழி, அப்புறம் மேடு. உலகம் பூரா லெஃப்ட் ரைட்டுன்னு சப் வச்ச எல்லா ஷோவுலயும் இது உண்டு, காஸ்ட்லி பாக்ஸ் வாங்கினா போகாது.

ஈக்யூ ஏன் வேலை செய்யலன்னா, 60 ஹெர்ட்ஸ ஏத்தினா ரெண்டு பக்கமும் சேந்துதான் ஏறும், தள்றவரும் பலமா தள்றாரு, இழுக்கறவரும் அதே பலத்துல இழுக்கறாரு, ஊஞ்சல் அசையாது. நேரத்தால வந்த குழிய ஈக்யூவால நிரப்பவே முடியாது, இத ஒருத்தர் எனக்கு முதல் வருஷமே சொல்லியிருந்தா எத்தனையோ ராத்திரி மிச்சமாயிருக்கும்.

சரி, எப்படி வைக்கலாம்? முடிஞ்சா எல்லா சப்பையும் நடுவுல ஒரே எடத்துல வைங்க, ரெண்டு அடுக்கு இருந்தாத்தானே சண்டை. சின்ன மேடை, 4 பாக்ஸ்னா இதவிட நல்ல வழி இல்ல. ஆனா ஸ்டேஜ் நடுவுல வி.ஐ.பி. வருவாரு, மாலை போடணும், வீடியோக்காரர் நிக்கணும், கமிட்டி ஒத்துக்காது. அப்போ ரெண்டாவது வழி, ஸ்டேஜுக்கு முன்னாடி தரையில வரிசையா பரப்பறது. இதுல ஒரே ஒரு கண்டிஷன், பக்கத்து பக்கத்து பாக்ஸோட நடு இருந்து நடுவுக்கு உள்ள தூரம், நீங்க சப்ப உபயோகிக்கற உச்ச ஃப்ரீக்வென்ஸியோட பாதி அலைக்குள்ள இருக்கணும். 100 ஹெர்ட்ஸ் வரைக்கும்னா 1.75 மீட்டர். 1.5 மீட்டர் வச்சா நிம்மதி.

அடுத்த வருஷம் அதே மைதானத்துல அப்படித்தான் வச்சேன், 8 பாக்ஸும் ஒன்றரை மீட்டர் இடைவெளில. சந்து போயிடுச்சு. ஆனா வரிசை நீளம் கூடக் கூட பேஸ் நேரா முன்னாடி டார்ச் லைட் மாதிரி குறுகிப் போகும், கிட்டத்தட்ட 12 மீட்டர் வரிசைங்கறது 60 ஹெர்ட்ஸுக்கு ரெண்டு அலை நீளம், அப்போ ஓரத்துல உக்காந்திருக்கவங்களுக்கு மறுபடி குறையும். இதுக்கு பாக்ஸ வளைவா அடுக்கலாம், பிறை மாதிரி, எடம் இருக்காது. அதனால பாக்ஸ நேராவே வச்சுட்டு, ஓரத்து பாக்ஸுக்கு டிலே போட்டு, அதாவது சத்தத்த சில மில்லி செகண்ட் லேட்டா அனுப்பி, அது பின்னாடி தள்ளி இருக்கறதா காத்த நம்ப வைக்கறது. 8 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போட்டா ஒவ்வொரு பாக்ஸும் எவ்ளோ பின்னாடி போயிருக்கும்னு கணக்கு பண்ணி, அந்த தூரத்த மில்லி செகண்டா மாத்தினேன். நடு ரெண்டுக்கு 0, அடுத்த ஜோடிக்கு 0.8, அதுக்கு அடுத்ததுக்கு 2.6, கடைசி ஜோடிக்கு 5.5. லெஃப்ட்டும் ரைட்டும் ஒரே அளவுங்கறதால ப்ராசஸர்ல (ஸ்பீக்கருக்குப் போற சிக்னலுக்கு டிலே, லெவல் எல்லாம் போடற கருவி) 4 அவுட்புட் போதும். ஆரத்த குறைச்சா பேஸ் இன்னும் அகலமா விரியும், கூட்டினா குறுகும், உங்க மைதானம் எவ்ளோ அகலம்னு பாத்து போட்டுக்கோங்க.

பின்னாடி போற பேஸப் பத்தியும் சொல்லணும். ஸ்டேஜ் மேல கீபோர்டு வாசிக்கறவர் காலுக்கு கீழ பலகை அதிருது, பாடறவங்க மைக்ல அந்த குமுறல் ஏறி மறுபடி சப்புக்கே வருது, மைதானத்துக்கு பின்னாடி இருக்கற வீட்டுல ஜன்னல் கண்ணாடி கிடுகிடுங்குது. நம்ம நாட்டு 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி பொது எடத்தோட எல்லையில ஒலிபெருக்கி சத்தம் 75 டெசிபல் ஏ தாண்டக் கூடாது, இல்லன்னா அந்தப் பகுதிக்குன்னு விதியில சொல்லியிருக்கற அளவ விட 10க்கு மேல கூடக் கூடாது, ரெண்டுல எது குறைவோ அது. ஆனா அந்த ஏ வெயிட்டிங், அதாவது காதுக்கு கேக்கற மாதிரி கீழ் சத்தத்த குறைச்சு அளக்கற முறை, 63 ஹெர்ட்ஸ 26 டெசிபல் குறைச்சுத்தான் காட்டும். மீட்டர்ல எல்லாம் சரியா இருக்கும், அந்த வீட்டுல கைக்குழந்தை தூங்காது. மீட்டர் சரின்னு காட்டறதோட நம்ம பொறுப்பு முடிஞ்சிடல.

இதுக்குத்தான் கார்டியாய்டு, பின்னாடி போற பேஸ அடக்கறதுக்கான ஒரு அடுக்கு முறை. புரிய வைக்க ரெண்டே பாக்ஸ் எடுத்துக்குவோம், ஒண்ணு முன்னாடி, இன்னொண்ணு சரியா 1 மீட்டர் பின்னாடி. பின் பாக்ஸுக்கு பொலாரிட்டி திருப்பி (ப்ளஸ் மைனஸ மாத்தி, கோன் வெளிய வர வேண்டிய நேரத்துல உள்ள போற மாதிரி) 2.9 மில்லி செகண்ட் டிலே போடுங்க, 1 மீட்டர் ஓட சத்தத்துக்கு ஆகற நேரம் அது. இப்ப முன் பாக்ஸோட சத்தம் பின்பக்கமா 1 மீட்டர் ஓடி பின் பாக்ஸ் கிட்ட வந்து சேர்ற அதே நொடியில, பின் பாக்ஸ் தலைகீழா அதே சத்தத்த போடுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டு பின்னாடி காலி. முன்பக்கம் என்ன ஆகுது? பின் பாக்ஸ் சத்தம் 2.9 லேட்டா கிளம்பி இன்னொரு 2.9 ஓடி வரணும், மொத்தம் 5.7 சொச்சம். 87 ஹெர்ட்ஸுக்கு அது பாதி ஆட்டம், பொலாரிட்டி திருப்பினதும் பாதி ஆட்டம், சேந்து முழு ஆட்டமாகி 6 டெசிபல் முழுசா கிடைக்குது. 43 ஹெர்ட்ஸ் கிட்ட 3 டெசிபல்தான் கிடைக்கும், அதுக்கும் கீழ இன்னும் குறையும். பின்னாடி அமைதி வேணும்னா முன்னாடி கொஞ்சம் பலத்த விட்டுக் கொடுக்கணும், இலவசமா எதுவும் வராது. இன்னொரு முறை எண்ட் ஃபயர்னு, அதுல பொலாரிட்டி திருப்பறது கிடையாது, முன் பாக்ஸுக்குத்தான் டிலே, முன்னாடி எல்லா ஃப்ரீக்வென்ஸியும் முழுசா சேரும், ஆனா பின்னாடி ரெண்டு பாக்ஸ வச்சு ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்ஸிதான் நல்லா அடங்கும், பரவலா அடங்கணும்னா நாலு பாக்ஸாவது வரிசையா வேணும், அவ்ளோ நீளத்துக்கு எடம் நம்ம ஷோல அபூர்வம்.

கார்டியாய்டு செட் பண்றப்ப மைக்க எங்க வைக்கணும்னு பலர் தப்பு பண்றாங்க, முன்னாடி வச்சு பாக்கறாங்க. பின்னாடி வைங்க. முன் பாக்ஸ மட்டும் ஓட்டி பின்னாடி எவ்ளோ வருதுன்னு பாத்து, பின் பாக்ஸோட லெவல அதுக்கு சமமா இறக்கி, அப்புறம் ரெண்டையும் போட்டு டிலேய கொஞ்சம் கொஞ்சமா நகத்தினா குழி ஆழமாகறது கண்ணு முன்னாடி தெரியும். பின்னாடி கட்டடச் சுவர் ஒட்டி இருந்தா சுவர்ல பட்டு திரும்பறது கணக்க கெடுத்துடும், அந்த மாதிரி எடத்துல இதுக்கு மெனக்கெட வேண்டாம்.

இப்ப அளக்கறதுக்கு வருவோம், காதால மட்டும் இத பண்ண முடியாதான்னு கேப்பாங்க. காது குழி இருக்குன்னு சொல்லும், எத்தனை மில்லி செகண்ட்ல இருக்குன்னு சொல்லாது. தேவையானது பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு மெஷர்மென்ட் மைக், ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், ஒரு சாஃப்ட்வேர். மேயர் சவுண்ட் கம்பெனி 1980கள்லயே சிம்ங்கற பேர்ல இந்த வேலைக்கு ஒரு கருவி கொண்டு வந்தாங்க, 1990கள் நடுவுல ஸ்மார்ட்ங்கற சாஃப்ட்வேர் ஜேபிஎல் பேரோட வந்து சாதாரண கம்ப்யூட்டர்லயே இத பண்ணலாம்னு ஆச்சு. ஸ்மார்ட்டுக்கு காசு கட்டணும், ஓப்பன் சவுண்ட் மீட்டர் இலவசமாவே கிடைக்குது, கத்துக்க அது தாராளமா போதும்.

இந்த சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே வேலையத்தான் செய்யுது. மிக்ஸர்ல இருந்து கிளம்பற சிக்னல ஒரு இன்புட்ல கொடுங்க, மைக் கேக்கறத இன்னொரு இன்புட்ல கொடுங்க, ரெண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்த மட்டும் காட்டும். அனுப்பினது என்ன, வந்து சேந்தது என்ன, அவ்ளோதான். பிங்க் நாய்ஸ் (எல்லா ஃப்ரீக்வென்ஸியும் கலந்த டெஸ்ட் இரைச்சல்) ஓட்டினா மூணு கோடு வரும். முதல் கோடு எந்த ஃப்ரீக்வென்ஸி எவ்ளோ சத்தம்னு. ரெண்டாவது ஃபேஸ் கோடு, இடமிருந்து வலமா கீழ இறங்கிக்கிட்டே போனா ரெஃபரன்ஸ, அதாவது மிக்ஸர்ல இருந்து நேரா வர்ற சிக்னல விட லேட்டா வருதுன்னு அர்த்தம், சரிவு செங்குத்தா இருந்தா ரொம்ப லேட்டு. மைனஸ் 180 தொட்டதும் மேல ப்ளஸ் 180க்கு தாவும், அத பாத்து பயந்துடாதீங்க, கடிகார முள் 12 தாண்டி 1க்கு போற மாதிரிதான். மூணாவது கோஹரன்ஸ், இந்த அளவ எவ்ளோ நம்பலாம்னு சொல்றது. காத்தடிச்சா, ஜெனரேட்டர் பக்கத்துல ஓடினா, பந்தல்காரர் ஆணி அடிச்சா அது விழும். விழுந்த எடத்துல இருக்கற ஃபேஸ் கோட வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. மைக்க ஸ்டாண்டுல வைக்காம தரையோட தரையா படுக்க வச்சா தரையில பட்டு வர்ற சத்தத்தால ஆகற குழப்பம் போயிடும்.

அலைன்மென்டுக்கு முன்னாடி கட்டாயமா ஒரு வேலை. ஒவ்வொரு சப்பையும் தனித்தனியா ஓட்டி, கோனுக்கு கிட்ட அதே தூரத்துல மைக் வச்சு, கோட சேவ் பண்ணி ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாருங்க. ஒரு தடவை வெளிய இருந்து வாடகைக்கு எடுத்த 6 பாக்ஸ்ல ஒண்ணோட கோடு மட்டும் மத்ததுக்கு சரியா 180 டிகிரி எதிர்ல நின்னது, திறந்து பாத்தா ஸ்பீக்கர் மாத்தினவர் சிகப்பு கருப்பு ஒயர மாத்தி சொருகியிருக்காரு. 6 பாக்ஸ்ல ஒண்ணு தலைகீழா ஓடினா போறது ஒரு பாக்ஸ் இல்ல, அது இன்னொண்ணையும் சேத்து இழுத்துடும், 4 பாக்ஸ் சத்தம்தான் மிஞ்சும். அதே மாதிரி வேற வேற மாடல் சப்ப கலந்து வைக்காதீங்க, ஒவ்வொரு டப்பாவுக்கும் அதோட போர்ட்டுக்கு, அதாவது டப்பாவுல இருக்கற காத்து ஓட்டைக்கு, ஏத்த மாதிரி சொந்தமா ஒரு ஃபேஸ் இருக்கும், கலந்தா ஒரு ஃப்ரீக்வென்ஸில சேரும், இன்னொண்ணுல அடிச்சுக்கும்.

அடுத்து டாப்போட சேக்கறது, இதுதான் இதயமான எடம், அவசரப்படாம படிங்க. க்ராஸ்ஓவர்ல (கீழ் சத்தத்த சப்புக்கும் மத்தத டாப்புக்கும் பிரிச்சு அனுப்பறது) 80 ஹெர்ட்ஸ், லிங்க்விட்ஸ் ரைலி 24னு போட்டாச்சே, அது தானா சேத்துடாதான்னு நெனப்போம். 1976ல ஹெச்பி கம்பெனி இன்ஜினியர்கள் ரெண்டு பேர் கண்டுபிடிச்ச ஃபில்டர் அது, ஃபில்டர் வரைக்கும் ரெண்டு பக்கமும் அழகா ஒரே ஃபேஸ்ல இருக்கும். ஆனா அதுக்கு அப்புறம் நிஜ டப்பா, நிஜ கோன், நிஜ தூரம் வருதே, அது ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு ஃபேஸ மாத்தும். இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல சப்ப டாப்ப விட 10 டெசிபலாவது ஏத்தித்தான் ஓட்டுவோம், ஜனத்துக்கு அப்படித்தான் புடிக்கும். ஏத்தினதும் ரெண்டு கோடும் சந்திக்கற எடம் 80ல இருந்து 107 ஹெர்ட்ஸுக்கு போயிடுது. அதனால லெவல முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறமா டிலே பாருங்க. தலைகீழா பண்ணினா எந்த ஃப்ரீக்வென்ஸில சேக்கணுமோ அத விட்டுட்டு வேற எடத்துல சேத்துட்டு இருப்போம்.

ஒரு பக்க டாப்ப மட்டும் ஓட்டுங்க, மத்ததெல்லாம் மியூட். சாஃப்ட்வேர்ல டிலே ஃபைண்டர அமுக்கினா மைக்குக்கு சத்தம் வந்து சேர்ற நேரத்த கண்டுபிடிச்சு ரெஃபரன்ஸ அதுக்கு சமமா தள்ளி வைக்கும். அந்த நம்பர அங்கேயே பூட்டுங்க. கோட சேவ் பண்ணுங்க. இப்ப டாப்ப மியூட் பண்ணிட்டு சப்ப ஓட்டுங்க. இங்கதான் எல்லாரும் பழக்க தோஷத்துல டிலே ஃபைண்டர திரும்ப அமுக்கிடறாங்க. அமுக்கவே கூடாது. ரெண்டையும் ஒரே கடிகாரத்துல அளந்தாத்தானே யார் முந்தி யார் பிந்தின்னு தெரியும். போதாததுக்கு சப்ல ஹை ஃப்ரீக்வென்ஸியே கிடையாது, டிலே ஃபைண்டர் தேடற கூர்மையான உச்சி இருக்காது, உருண்டையா ஒரு மேடுதான் இருக்கும், அதுல எங்கயோ ஒரு எடத்த புடிச்சு தப்பான நம்பர தரும்.

ரெண்டு ஃபேஸ் கோட்டையும் மேல மேல வச்சு, லெவல் கோடு ரெண்டும் சந்திக்கற 100 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல பாருங்க. டாப் மைனஸ் 40ல இருக்கு, சப் மைனஸ் 130ல இருக்குன்னு வச்சுக்குவோம். சப் 90 டிகிரி லேட்டு. 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஆட்டம் 10 மில்லி செகண்ட், அதுல கால் பங்கு 2.5. சப்ப முன்னாடி இழுக்க எந்த ப்ராசஸராலயும் முடியாது, காலத்துல பின்னாடி போக முடியாதே, அதனால முந்தி வர்ற டாப்புக்கு 2.5 மில்லி செகண்ட் டிலே போடுங்க. டாப்ப திரும்ப அளந்தா அதோட கோடு இறங்கி வந்து சப் கோட்டு மேல படுக்கும். 100ல மட்டும் தொட்டா போதாது, 70ல இருந்து 140 வரைக்கும் ரெண்டும் ஒரே சரிவுல சேந்து போகுதான்னு பாருங்க. ஒரு முழு ஆட்டம், அதாவது 10 மில்லி செகண்ட் தப்பா போட்டாலும் 100ல சரியா தொடும், ஆனா பக்கத்துல போகப் போக கத்தரிக்கோல் மாதிரி பிரியும், கிக் அடி ரெண்டா உடைஞ்சு சோர்வா கேக்கும்.

சரியா வந்திருக்கான்னு சோதிக்க எனக்கு ரொம்ப புடிச்ச வழி ஒண்ணு உண்டு. ரெண்டையும் சேத்து ஓட்டி, சப்போட பொலாரிட்டிய திருப்பிப் பாருங்க. 100 கிட்ட கிணறு மாதிரி ஆழமா ஒரு குழி விழுந்தா அலைன்மென்ட் கச்சிதம், ஏன்னா நல்லா சேர்றதுதான் திருப்பினா நல்லா அடிச்சுக்கும். லேசா ஒரு பள்ளம் மட்டும் விழுந்தா இன்னும் வேலை இருக்கு. பாத்துட்டு மறக்காம பொலாரிட்டிய பழைய நிலைக்கு கொண்டு வாங்க.

மைக்க எந்த எடத்துல வச்சு இத பண்றதுங்கறதுல நிறைய பேர் யோசிக்கறதில்ல, மிக்ஸர் பக்கத்துல வச்சுடுவாங்க. டாப் 7 மீட்டர் ஒசரத்துல தொங்குது, சப் தரையில, ஜனம் 5 மீட்டர்ல இருந்து 30 மீட்டர் வரைக்கும் உக்காந்திருக்கு, காது தரையில இருந்து சுமார் 1.4 மீட்டர் ஒசரத்துலன்னு வச்சுக்குவோம். முன் வரிசைக்கு சப் டாப்ப விட கிட்ட, டாப்போட சத்தம் 6.7 மில்லி செகண்ட் பின்னாடி வரும். கடைசி வரிசைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 1.4தான் வித்தியாசம். முன்ன இருந்து பின்ன போறதுக்குள்ள 5.3 மில்லி செகண்ட் மாறுது, 100 ஹெர்ட்ஸ்ல அது 190 டிகிரி. முன் வரிசைல அழகா சேத்தா கடைசி வரிசைல அடிச்சுக்கும், அங்க சேத்தா இங்க அடிச்சுக்கும். எல்லா எடத்துலயும் சரியா வராது, அத முதல்லயே ஒத்துக்கணும். அதனால தூரத்துல பாதின்னு 17 மீட்டர்ல வைக்காம, நேரத்துல பாதி எங்க வருதுன்னு பாருங்க. 6.7க்கும் 1.4க்கும் நடுவுல 4, அது இந்த கணக்குல 10 மீட்டர் தூரத்துல வருது. அங்க அலைன் பண்ணினா முன் வரிசை 100 டிகிரி தள்ளி இருக்கும், கடைசி வரிசை 90 டிகிரி தள்ளி இருக்கும், ரெண்டுமே அந்த 120க்குள்ள. எங்கயும் கழியல, எல்லா எடத்துலயும் ஏதோ ஒரு அளவு கூடுது. இந்த ஒரு கணக்கு புரிஞ்சதுக்கு அப்புறம்தான் எனக்கு மைதானத்த பாக்கற பார்வையே மாறுச்சு.

சூட்டப் பத்தி ஒரு வார்த்தை. மத்தியானம் அளந்தது ராத்திரி குளிர்ல மாறுமேன்னு கவலைப்படுவாங்க, சப்பும் டாப்பும் ஒரே எடத்துல இருக்கறதால ரெண்டும் ஒண்ணாவே மாறும், விட்டுடலாம். தூரத்துல டிலே டவர் (பின்னாடி இருக்கறவங்களுக்காக தனியா வைக்கற ஸ்பீக்கர்) நிறுத்தியிருந்தா மட்டும் ராத்திரி ஒரு தடவை பாருங்க.

எல்லாம் முடிஞ்சதும் கிக் சாம்பிள மட்டும் லூப்ல போட்டு மைதானம் பூரா நடங்க, மெதுவா, லேடீஸ் பக்கம், ஜென்ட்ஸ் பக்கம், கடைசில டீக்கடை ஓரம் வரைக்கும். ஏதோ ஒரு சுவர் மூலைல பேஸ் குமியும், ஏதோ ஒரு மரத்தடில மெலியும், அதுக்காக மறுபடி ஈக்யூ பக்கம் கைய கொண்டு போகாதீங்க. அப்புறம் ஒவ்வொரு சப்போட மூலையிலயும் தரையில டேப் ஒட்டி குறி போட்டுடுங்க. சாயங்காலம் பூ அலங்காரம் பண்றவங்க வந்து வாழை மரம் நட எடம் வேணும்னு பாக்ஸ நகத்துவாங்க, ஒரு அடி நகந்தா பரவாயில்ல, ஒரு மீட்டர் நகந்தா 2.9 மில்லி செகண்ட், 100 ஹெர்ட்ஸ்ல 100 டிகிரிக்கு மேல. கச்சேரிக்கு பத்து நிமிஷம் முன்னாடி ஒரு சுத்து போய் டேப்பும் பாக்ஸும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு வந்து மிக்ஸர்ல உக்காருங்க.